மூன்றாம் தரப்பின் சலூன்

மெத்தை செய்து விற்கும் ஒரு கம்பெனிக்கு ரகசியம் என்று ஏதாவது இருக்கும் என்பதே புகாரண்ணனுக்கு அதுவரை தெரியாது. பல வருடங்களாக அவர் அங்கே புகார்ப் பிரிவில் இருந்தார். மெத்தை வாங்கியவர்கள் போன் செய்து திட்டுவார்கள். இவர் "ரொம்பச் சரிங்க" என்பார். திட்டி முடித்ததும் "வேற ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்பார். இருக்கும். அதையும் கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான் வேலை. அதனாலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வாடகையை மிச்சம் பிடிப்பதற்காக முதலாளி அலுவலகக் கட்டடத்தைக் காலி செய்து, ஆளுக்கு ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவருக்கு மட்டும் தாங்க முடியாத துக்கம். அவர்தான் பாதுகாப்பு இயக்குநர். கட்டடம் இருந்தவரை அவருக்கு ஒரு வாசல், ஒரு லிப்ட், கார் நிறுத்துமிடம் எல்லாம் இருந்தன. கட்டடம் போனதும் காக்க ஒன்றுமில்லாமல், கொஞ்ச நாள் தன் வீட்டு வாசலில் நின்று சொந்த மனைவியிடமே அடையாள அட்டை கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. பிறகு எங்கிருந்தோ 'தகவல் பாதுகாப்பு' என்ற சொல் அவர் காதில் விழுந்தது. மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. முன்பு இருந்தது ஒரே ஒரு வாசல். இப்போது முந்நூறு ஊழியர்களின் முந்நூறு வாசல்கள்.

முதல் கூட்டத்தைத் திரையிலேயே கூட்டினார்.

"நம்ம கம்பெனியோட எதிரி வெளியில இல்லை. உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கான். இந்த நிமிஷம் அவன் உங்களுக்குக் காப்பி போட்டுக்கிட்டு இருக்கலாம்."

திரையில் இருந்த முந்நூறு தலைகளும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பின.

"யாரையும் சந்தேகப்படுங்கன்னு நான் சொல்லலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் உலகத்துல துரோகம் செஞ்சவங்க எல்லாரும் யாரு? தெரிஞ்சவங்கதான். தெரியாதவன் செஞ்சா அதுக்குப் பேரு துரோகம் இல்லை, திருட்டு. திருட்டைக்கூட நான் மன்னிச்சிடுவேன்."

யாரோ ஒரு அப்பாவி கையைத் தூக்கி, "சார், நாங்க காப்பாத்த வேண்டிய ரகசியம் என்னன்னு சொன்னா வசதியா இருக்கும்" என்றார்.

இயக்குநர் வருத்தத்தோடு சிரித்தார். "சொல்லிட்டா அது எப்படித் தம்பி ரகசியம்? தெரியாத விஷயத்தைத்தான் ஒருத்தர் முழுசாக் காப்பாத்த முடியும்."

அன்றைக்கே சுற்றறிக்கை வந்தது. ஊழியர் முதல் தரப்பு, கம்பெனி இரண்டாம் தரப்பு. அந்த வீட்டில் இருக்கும் மற்ற எல்லா உயிர்களும் மூன்றாம் தரப்பு. ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் உண்டு. மூன்றாம் தரப்பு திரையைப் பார்த்தாலோ பேச்சைக் கேட்டாலோ மதிப்பெண் குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேலையையும் கூடவே.

புகாரண்ணனின் வீட்டில் மூன்றாம் தரப்பு அவருடைய மனைவி. முன்னறையில் சலூன் நடத்தி வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் முடி வெட்டுவார், சாயம் பூசுவார். ஆண்கள் வந்தாலும் வேண்டாம் என்பதில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. இரண்டு சுழல் நாற்காலிகள். காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள சோபா. அந்த சோபாவில் எந்த நேரமும் யாராவது உட்கார்ந்து, முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். சலூனைத் தாண்டினால் சமையலறை, அதையும் தாண்டினால் படுக்கையறை. அங்கேதான் புகாரண்ணனின் மேசை.

சுற்றறிக்கையை அவர் தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினார். மனைவி கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் மூணாம் தரப்பா?"

"பேருக்குத்தான் அப்படிச் சொல்றாங்க."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். நமக்கு நடுவுல ரெண்டாவதா ஒருத்தர் இருக்கறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

சோபாவில் இருந்த தலைமையாசிரியை கண்ணாடிக்குள் புகாரண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தை நடத்துபவர் அவர். அந்தத் தலையாட்டலுக்கு அஞ்சாத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

அடுத்த வாரம் 'விழி' வந்தது. லேப்டாப்புக்குள் உட்கார்ந்து, கேமரா வழியாகப் பார்த்து, மைக் வழியாகக் கேட்கும் ஒரு காவல் மென்பொருள் அது. திரைக்கு எதிரே ஊழியரின் முகத்தைத் தவிர வேறு முகம் தெரிந்தால் திரையைப் பூட்டிவிடும். முதல் நாளே புகாரண்ணனின் திரை பூட்டிக்கொண்டது. காரணம் கேட்டார். விழி பதில் அனுப்பியது: 'உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு அந்நியர்கள் காலையிலிருந்து கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்களைப் போலவே வேடமிட்டிருக்கிறார்.'

புகாரண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சுவரில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். மாலையில் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆயிரம் வார்த்தைக்கு அது சமம்.

பிறகு கடவுச்சொல் விதிகள் வந்தன. கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும். அர்த்தம் இருக்கக் கூடாது. எங்கும் எழுதி வைக்கக் கூடாது. எளிதில் நினைவில் நிற்கக் கூடாது; ஏனென்றால் நினைவில் நிற்பதைத்தான் மனிதன் தூக்கத்தில் உளறுவான். புகாரண்ணன் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு இயக்குநருக்குப் போன் செய்தார்.

"சார், எழுதவும் கூடாது, நினைவுலயும் நிக்கக் கூடாதுன்னா நான் எப்படி சார் உள்ள போறது?"

"உங்களால உள்ள போக முடியலையா?"

"முடியலை சார். ரெண்டு நாளா வெளியிலதான் நிக்கறேன்."

"பாத்தீங்களா!" இயக்குநரின் குரல் நெகிழ்ந்தது. "உங்களாலேயே முடியலைன்னா திருடனால எப்படி முடியும்? வாழ்த்துகள். உங்க மதிப்பெண்ணை ஏத்தச் சொல்றேன்."

இப்படி ஏறிய மதிப்பெண் வீட்டுச் சோதனை அன்று மடமடவென்று இறங்கியது. இயக்குநரும் ஒரு துணையதிகாரியும் நேரில் வந்தார்கள். துணையதிகாரி இயக்குநர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் திரும்பச் சொல்லும் பழக்கம் உள்ளவர். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்த இயக்குநர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே கண்ணாடி, பக்கத்தில் கண்ணாடி, பின்னால் கண்ணாடி. எந்தப் பக்கம் பார்த்தாலும் அவரே நின்று அவரையே சந்தேகமாகப் பார்த்தார்.

"இது என்ன இடம்?"

"சலூனுங்க" என்றார் மனைவி.

"ஒரு கண்ணாடியில பட்டு, இன்னொண்ணுல பட்டு, சமையலறைத் தட்டுல பட்டு, படுக்கையறைத் திரை இங்க வரைக்கும் தெரியலாம். அறிவியல்படி வாய்ப்பு இருக்கு."

"இருக்கு" என்றார் துணையதிகாரி.

தலையில் சாயத்தோடு நாற்காலியில் இருந்த தலைமையாசிரியை, "எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது. அதுவே போதும்னு இருக்கு" என்றார்.

இயக்குநர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பார்வை சோபாவின் மேல் இருந்தது. "இங்க ஆளுங்க வருவாங்களா?"

"வந்தாத்தானே பொழப்பு?"

"வந்து ரொம்ப நேரம் உக்காந்து பேசுவாங்களா?"

"அதுக்குத்தான் வருவாங்க. முடி ஒரு சாக்கு."

இயக்குநர் துணையதிகாரியைப் பார்த்தார். "உளவு நிலையம்னு சொன்னா இதுதான். உலகத்துல எந்த ரகசியமும் முதல்ல வெளியாகறது முடி வெட்டற நாற்காலியிலதான். இது என் அனுபவம். நான் போற சலூன்ல நானே எவ்வளவு சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"தெரியுமா?" என்றார் துணையதிகாரி.

முடிவு அங்கேயே அறிவிக்கப்பட்டது. சலூனை மூட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிகளையெல்லாம் மூட வேண்டும். புகாரண்ணன் இனி கறுப்புப் போர்வைக்குள் உட்கார்ந்து, மெல்லிய குரலில் வேலை பார்க்க வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுநாளே லேப்டாப் போய்விடும்.

அவர்கள் போன பிறகு மனைவி வெகுநேரம் நாற்காலியைச் சும்மா சுழற்றிக்கொண்டிருந்தார். "உங்க மெத்தையைக் காப்பாத்த என் கண்ணாடியை மூடணுமா?"

"வீட்டு வாடகை என் சம்பளத்துலதானே போகுது..."

"அந்த வீட்டுல வேகற சோறு என் கத்திரிக்கோல்ல வருது. அதையும் சொல்லுங்க."

இரண்டும் உண்மை. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதைப் புகாரண்ணன் அதுவரை கேள்விதான் பட்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படி நின்றதைப் பார்த்து மனைவிக்கே மனம் கேட்கவில்லை போலும். "சரி, ஒட்டுங்க. எவ்வளவு நாள் ஓடுதுன்னு நானும் பாக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார். புகாரண்ணன் பழுப்புக் காகிதத்தையும் பசையையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடியாக மூடினார்.

கண்ணாடி இல்லாத சலூன் எப்படி நடக்கும்? படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்ததோ வேறு. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தங்கள் முகம் தெரியாததால், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மனைவியும் சொல்லிக்கொண்டே இருந்தார். "நெத்தி எடுப்பாத் தெரியுது." "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க." "கழுத்துக்கே இப்பத்தான் ஒரு அழகு வந்திருக்கு." கண்ணாடி இந்த மாதிரியெல்லாம் பேசாது. எல்லோரும் பூரித்துப்போய்க் கிளம்பினார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகும், தங்கள் வீட்டுக் கண்ணாடியில்தான் கோளாறு என்று நம்பினார்கள். கூட்டம் இரண்டு மடங்கானது.

படுக்கையறையிலோ புகாரண்ணன் போர்வைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். மெத்தையில் ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்து முதுகில் குத்துகிறதாம்.

"உங்க பேர் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார் புகாரண்ணன்.

அவர் சொன்னார்.

"நன்றிங்க. அது சரியா தப்பான்னு நான் சொல்லக் கூடாது."

"என் பேரு எனக்குத் தெரியாதாய்யா?"

"தெரிஞ்சிருக்கலாம். ஆனா அதை நான் உறுதிப்படுத்தினா தகவல் கசிவு ஆயிடும்."

"சரி, ஸ்பிரிங்கை என்ன பண்றது?"

"எந்த ஸ்பிரிங்குங்க?"

"இப்பத்தானேய்யா சொன்னேன்!"

"நீங்க சொன்னீங்க. ஆனா அப்படி ஒண்ணு எங்க மெத்தைக்குள்ள இருக்கறதா நான் ஒத்துக்கக் கூடாது. வேற ஏதாவது இருக்குங்களா?"

எதிர்முனையில் பயந்த குரலில், "ஏன்யா இப்படிக் கிசுகிசுக்கற? உன்னை யாராவது கட்டி வச்சிருக்காங்களா? போலீசுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் அவர். இத்தனை வருட வேலையில் ஒரு வாடிக்கையாளர் தன்னை விசாரித்தது அதுதான் முதல் தடவை. போர்வைக்குள் புகாரண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வியர்வை என்று விழி பதிவு செய்துகொண்டது.

அந்த நிலையில்தான் ஒத்திகை அறிவிப்பு வந்தது. 'வரும் நாட்களில் அடையாளம் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் மூன்றாம் தரப்பிடமிருந்து கம்பெனி ரகசியங்களைக் கறக்க முயல்வார். கறந்துவிட்டால் ஊழியரின் வேலை அன்றோடு முடிந்தது.'

புகாரண்ணன் சமையலறைக்குப் போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் என்ன கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு."

"எனக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாதேங்க."

"அதையே சொல்லு. ஆனா நடிக்கற மாதிரி இல்லாமச் சொல்லு."

இரண்டு நாள் கழித்து, காலையில் கூட்டம் ஏறிய நேரமாகப் பார்த்து ஒருவர் சலூனுக்குள் வந்தார். தோள் வரை தொங்கும் கன்னங்கரிய முடி. பெரிய கறுப்புக் கண்ணாடி. வலப்பக்கம் ஒட்டியும் இடப்பக்கம் ஒட்டாமலும் இருந்த ஒரு மீசை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி அந்த முடியில் சீப்பை வைத்தார். வைத்ததுமே அது எந்தத் தலையிலும் முளைத்ததல்ல என்று தெரிந்துவிட்டது. அந்த நடை யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்: "எப்படி வெட்டட்டும்?"

"கொஞ்சமா வெட்டுங்க. இது மறுபடி வளராது."

சோபாவில் ஒரு கனைப்பு. தலைமையாசிரியை வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

மனைவி வெட்டினார். பிறகு வழக்கம்போல நாற்காலியைச் சாய்த்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, சூடான ஈரத் துண்டை முகத்தில் போட்டு, தோள்களைப் பிடித்துவிட ஆரம்பித்தார். துண்டுக்கு அடியிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. பல மாதங்களாக முந்நூறு வாசல்களைச் சுமந்த தோள்கள் அவை.

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?" என்றது துண்டு.

"தெரியாதுங்க."

"மெத்தை கம்பெனியிலதானே?"

"அப்படிங்களா?"

இயக்குநருக்குச் சப்பென்று போயிருக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவரிடமிருந்து எதைக் கறப்பது? கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால்தான் வாயிலிருந்து வரும் என்று நினைத்திருப்பார். "அஞ்சடுக்கு மெத்தைன்னு விக்கறாங்களே, அது?"

"தெரியாதுங்க."

"அதுல உண்மையில நாலடுக்குதான் இருக்காம். மேல தைக்கற உறையையும் சேத்து அஞ்சுன்னு கணக்குக் காட்டறாங்களாம். உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரே?"

"இல்லீங்களே. நீங்க சொல்லித்தான் தெரியுது."

"பஞ்சுகூடப் புதுசு இல்லையாம். பழைய மெத்தையை வாங்கிப் பிரிச்சுப் போட்டதாம். அதுவாவது தெரியுமா?" துண்டின் குரலில் கெஞ்சல் தெரிந்தது.

"அட, இன்னும் சொல்லுங்க" என்று சோபாவில் இருந்த அத்தனை பேரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பத்து வருஷ உத்தரவாதம்னு போட்டிருக்குமே. அந்தப் பத்து வருஷத்தை எப்ப இருந்து எண்ணறதுன்னு எங்கயும் போடலை. அது நான் சொன்ன யோசனை. அதாவது, யாரோ சொன்ன யோசனை."

"அடுக்கு விஷயமெல்லாம் எங்க முதுகுக்கு எப்பவோ தெரியும்" என்றார் தலைமையாசிரியை. "உத்தரவாதக் கதைதான் புதுசு."

அந்த நொடியில் படுக்கையறையிலிருந்து ஒரு சங்கொலி போலச் சத்தம் கிளம்பியது. அத்தனையையும் விழி கேட்டுக்கொண்டிருந்தது. போர்வை விலகாமலே எழுந்து ஓடிவந்தார் புகாரண்ணன். கையில் லேப்டாப் அலறிக்கொண்டிருந்தது. "உயர் ரகசியம் கசிகிறது! உயர் ரகசியம் கசிகிறது! கசிவு முந்நூறு ஊழியர்களுக்கும் எச்சரிக்கையாக ஒலிபரப்பப்படுகிறது!" என்று சொல்லி, துண்டு பேசியதை முதலிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. கறுப்புப் போர்வையோடு ஒரு உருவம் பாய்ந்து வருவதைப் பார்த்துப் புதிதாக வந்த பெண் ஒருத்தி வாசலுக்கு ஓடினாள்.

இயக்குநர் துள்ளி எழுந்தார். துண்டு விழுந்தது. துண்டோடு மீசை போனது. மீசையைப் பிடிக்கக் குனிந்ததில் தலைமுடியும் போனது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க அதை!"

"எப்படி சார் நிறுத்தறது?" புகாரண்ணன் அழுதுவிடுவார் போல இருந்தார்.

விழியே வழி சொன்னது. "கசிவை நிறுத்த முதன்மைக் கடவுச்சொல்லை உரக்கச் சொல்லவும்." தட்டச்சு செய்தால் யாராவது விரலைப் பார்த்துவிடுவார்கள் என்று, வாயால் சொல்லும்படி வைக்கச் சொன்னவர் இயக்குநர்தான்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வழுக்கைத் தலையைத் தடவினார்.

"எனக்கு ஞாபகம் இல்லை. விதிப்படி இருக்கக் கூடாது. அது என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்."

மனைவி சீப்பைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அப்ப அந்த அம்மா எத்தனாவது தரப்பு சார்?"

பதில் சொல்ல நேரமில்லை. இயக்குநர் போனை எடுத்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வதற்காகத் தன் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்ததால் பொத்தான் தெரியவில்லை. எதையோ அழுத்த, அது எல்லோருக்கும் கேட்கும்படி ஒலித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"அதை அப்புறம் சொல்றேன். அந்தக் கடவுச்சொல் என்ன?"

"சத்தமாச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்களே கண்டுபிடிங்க. தினமும் காலையில எழுந்திரிச்சதும் கத்துவீங்களே, அதுதான்."

"காப்பி!" என்று கத்தினார் இயக்குநர். லேப்டாப் அலறியது. "சட்டை! துண்டு! வெந்நீர்!"

"அதெல்லாம் அப்புறம் கத்துவீங்க. முதல்ல என்ன கத்துவீங்க?"

"தெரியலையே! சொல்லித் தொலையேன்!"

பல வருடப் பொறுமை அந்தப் பக்கம் அறுந்தது. "என் கண்ணாடி எங்கே! என் கண்ணாடி எங்கே! என் கண்ணாடி எங்கே! போதுமா?"

புகாரண்ணனின் மனைவி காகிதம் ஒட்டிய சுவர்களைச் சுற்றிக் காட்டினார். "அதைத்தானம்மா நானும் இத்தனை நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஒரு சிரிப்பு வெடித்தது. சோபா குலுங்கியது. தலைமையாசிரியை சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவருக்கு விக்கல் எடுத்தது. புகாரண்ணனும் சிரித்தார். போர்வைக்குள்ளிருந்து பல மாத வெக்கை அவரோடு வெளியே வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று அவர் மனம் லேசானது.

அலறலை நிறுத்திவிட்டு விழி மரியாதையாக அறிவித்தது: "முதன்மைக் கடவுச்சொல்லை மூன்றாம் தரப்பினர் பலர் கேட்டுவிட்டனர். அது ரத்து செய்யப்படுகிறது. பாதுகாப்புக் கருதி கம்பெனியின் எல்லாக் கணினிகளும் பூட்டப்படுகின்றன. நன்றி."

அதற்குப் பிறகு ஒரு வாரம் முழுக்கக் கம்பெனியில் எவராலும் எதையும் திறக்க முடியவில்லை. முதலாளியால் தன் கணக்கைப் பார்க்க முடியவில்லை. புதிய மெத்தையை யாரும் வாங்க முடியவில்லை. பழைய மெத்தையைப் பற்றி யாரும் புகார் சொல்லவும் முடியவில்லை. புகாரண்ணன் காகிதங்களைக் கிழித்துவிட்டுக் கண்ணாடிகளை ஈரத் துணியால் துடைத்தார். கல்யாணப் போட்டோவையும் முன்பக்கம் திருப்பினார். "பசை போகலை பாருங்க, நல்லாத் தேயுங்க" என்று மனைவி அதட்டினார். அதட்டலில் பழைய சூடு இருந்தது. வீடு மறுபடியும் வீடாகிவிட்டது என்று புகாரண்ணனுக்குப் புரிந்தது.

விசாரணை நடக்கும், தன் கழுத்துக்குத்தான் கத்தி என்று அவர் காத்திருந்தார். வந்தது பாராட்டுக் கூட்டத்துக்கான அழைப்பு. கம்பெனி புதிதாக வாங்கிய கணினிகளில் முதலாளி தோன்றிப் பேசினார்.

"கடந்த வாரம் நம்ம கம்பெனியில இருந்து ஒரு தகவல்கூட வெளிய போகலை. ஒரு புகார்கூடப் பதிவாகலை. நம்ம வரலாத்துலயே இப்படி ஒரு வாரம் இருந்ததில்லை. இதைச் சாதிச்சவர் நம்ம பாதுகாப்பு இயக்குநர்." எல்லோரும் கை தட்டினார்கள். தொப்பி அணிந்திருந்த இயக்குநர் அடக்கத்தோடு தலை குனிந்தார். "ஒத்திகை இவ்வளவு தத்ரூபமா அமையும்னு நானே எதிர்பாக்கலை" என்றார்.

"எதிர்பாக்கலை" என்றார் துணையதிகாரி.

புகாருக்கு இனி வேலையில்லை என்று புகார்ப் பிரிவு மூடப்பட்டது. கசிவை முதலில் அறிவித்த வீடு என்ற பெருமைக்காகப் புகாரண்ணனைப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதே சம்பளம், போர்வை கிடையாது. புதிய முதன்மைக் கடவுச்சொல்லை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்தது. இந்த முறையும் இயக்குநரின் நினைவை நம்புவதாக இல்லை. எனவே அவர் மனைவியை அதிகாரபூர்வக் கடவுச்சொல் காப்பாளராக நியமித்து, அவரிடம் மட்டும், நேரில், வாய்மொழியாக அதைச் சொல்லிவிட்டு வரும்படி புகாரண்ணனுக்கு உத்தரவு வந்தது.

அவர் இயக்குநர் வீட்டுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. அம்மா முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார் என்றார்கள் பக்கத்து வீட்டில். எந்த சலூன் என்று கேட்டார். சொன்னார்கள். புகாரண்ணன் தன் வீட்டுக்கே திரும்பி வந்தார்.

முன்னறை நிறைந்திருந்தது. போனில் அன்றைக்குக் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரி, கழுத்தில் துணி கட்டி, தலை முழுக்க நுரையோடு, தலை அலசும் தொட்டியில் பின்னுக்குச் சாய்ந்திருந்தார். புகாரண்ணனின் மனைவி மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வந்த ஒரே மணி நேரத்தில் இருவரும் அக்கா, தங்கை ஆகியிருந்தார்கள்.

புகாரண்ணன் குனிந்து காதருகே கிசுகிசுத்தார்.

"என்ன? காதுல தண்ணி போயிடுச்சு. சத்தமாச் சொல்லுங்க."

மறுபடி கிசுகிசுத்தார்.

"ஐயோ, ஒண்ணும் கேக்கலைங்க!"

புகாரண்ணன் நிமிர்ந்தார். சோபாவைப் பார்த்தார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடைத்த கண்ணாடிகள் அத்தனையிலும் அவரே நின்றார். மனைவி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, புருவத்தைத் தூக்கினார். சொல்லுங்களேன் என்று அர்த்தம்.

அவர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, தெருமுனை வரை கேட்கும்படி முழங்கினார்:

"எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது!"

தலைமையாசிரியை கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார்.

"ரொம்பச் சுலபமா இருக்குங்க" என்றார். "கடைசியில ஒரு நம்பர் சேத்துக்கச் சொல்லுங்க."

எந்த நம்பர் என்று சோபாவில் விவாதம் தொடங்கியது.